மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்

என் மகளுக்கு வீடு தர மறுத்துவிட்டார்கள். இங்கே இல்லை, கடல் தாண்டி அவள் வேலை பார்க்கும் ஊரில். போனில் "வந்து பாருங்கள்" என்ற வீட்டுக்காரி, இவள் முகத்தைப் பார்த்ததும் "கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஊரில் இதற்கென்றே இருக்கும் ஆபீசில் புகார் கொடுத்திருப்பதாக மகள் சொன்னாள்.

கோபம் ஒரு நாளில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆர்வம் பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் தாலுகா ஆபீசில் மனு விசாரித்தவன் நான். அந்த வீட்டுக்காரி மனசுக்குள் நினைத்ததை எப்படி நிரூபிப்பார்கள்? கணவரிடம் கேட்பது குற்றமா என்ன? ஒரு வாரம் இதே யோசனையாக இருந்தேன்.

அந்த வாரம்தான் எங்கள் மாடி வீட்டைக் கேட்டு ஒரு பெண் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சு, பாங்கு எல்லாம் அடக்கம்.

எங்கள் பக்கம் சாதியை நேராகக் கேட்கமாட்டோம், அது மரியாதைக் குறைவு. "உங்களுக்குச் சாஸ்தா எங்கன?" என்றுதான் கேட்போம். பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தால் பாதி தெரிந்துவிடும். சொந்த ஊரும் தெருவும் தெரிந்தால் மீதியும் விளங்கிவிடும். கேட்டேன். அவள் சொன்னது எங்கள் சாஸ்தாவை! வருஷா வருஷம் நாங்கள் பொங்கல் வைக்கிற அதே கோயில்; பல சாதிக்காரர்களும் வந்து கும்பிடுகிற இடம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"அப்ப சொந்த ஊரு? எந்தத் தெரு?" என்றேன்.

"தெரு ஏது அண்ணாச்சி? மாஞ்சோலை மலையில, தேயிலை எஸ்டேட் லயன் வீட்டுல பொறந்தேன். எஸ்டேட்ல இருந்து எல்லாரையும் கீழ இறக்கிட்டாவள்லா. நானும் அம்மாவும் சொந்தக்காரவ வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கோம். மாசக் கடைசிக்குள்ள அங்கன இருந்து கிளம்பியாகணும்."

எட்டு நாள்தான் இருந்தது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "வெளிநாட்டுல இருக்க மககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுதேம்மா" என்று அனுப்பிவைத்தேன். மகளிடம் கேட்டு நான் ஒரு செம்புகூட வாங்கியதில்லை.

அதற்கு ஐந்தாம் நாள் சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். அந்த ஆபீஸ்காரர்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். இவளுக்கு இருக்கிற அதே உத்தியோகம், அதே சம்பளம் என்று சொல்லவைத்து, அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தியை அதே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவளிடம் வீட்டுக்காரி கணவரைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். உடனே வீடு தருகிறேன் என்றாளாம். அடடா, என்ன விசாரணை! எனக்குத் துள்ளலாக இருந்தது.

ஒரு வீட்டுக்காரியைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டேன். உலக நாடுகள் எப்போதோ கூடி ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். நிறம், இனம், பிறந்த நாடு, வம்சாவளி என்று எதைப் பார்த்தும் யாரையும் ஒதுக்கக்கூடாது. கையெழுத்துப் போட்ட நாடு தன் மண்ணில் அதைத் தடுக்கவேண்டும். அவ்வப்போது ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார்ந்து பதிலும் சொல்லவேண்டும்.

"ஒரு நாடே போய்ப் பதில் சொல்லணுமா?"

"ஆமாப்பா. நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. வம்சாவளியைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறார்களே, விஷயம் தெரிந்த ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிப்பா, நம்ம மாடி வீட்டுக்கு ஆள் வந்தாச்சா?" என்றாள் மகள்.

"ஒரு நர்ஸம்மா வந்தா. மாஞ்சோலைக்காரி. உங்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

 

"ஏம்ப்பா," என்றாள் பைய, "எங்கிட்ட கேக்க என்ன இருக்கு?"

வெட்கத்தில் காது சுட்டது. என்ன சொன்னேன், எப்படி போனை வைத்தேன் என்று நினைவில்லை. உடனே அந்த நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு அடித்தேன். இந்த ஐந்து நாளில் அவளுக்கு வேறு வீடு கிடைத்திருந்தால் நான் என்ன செய்வது என்ற பயம் வேறு.

எடுத்தாள். "என்ன அண்ணாச்சி, மக சரின்னுட்டாவளா?"

"வீடு உனக்குத்தாம்மா. அவகிட்ட நான் கேக்கவே இல்ல."

"தெரியும் அண்ணாச்சி," என்றாள். "சாமானை என்னைக்குக் கொண்டு வரலாம்?"