சுவிட்சில் நீல விரல்கள்

ஓடைப்பட்டியில் எங்களுக்கு ஒரு ஏக்கர் திராட்சை. மயில்துத்தம் என்ற நீல நச்சு உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிக்கு நான்தான் மருந்தடிப்பேன். கலர் டிவி வாங்கிய வருடம், மூன்று வயது மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி, வாந்தி. நான் மனைவியை ஏசினேன்.

"நாள் பூரா வீட்டுலதான இருக்க. சுத்தமா வச்சுக்கத் தெரியாதா?"

அவள் ஈரத்துணியோடு உள்ளே போனாள்.

மறுநாள் மருந்தடித்துவிட்டு வந்தேன். வழக்கம்போலக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன், டிவி போட்டேன். சற்று நேரத்தில் அவள் என்னை டிவி முன்னாலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினாள். கதவுத் தாழ்ப்பாளில் என் நீல விரல் தடம். சுவிட்சில், பிரிட்ஜ் கைப்பிடியில், ரிமோட்டில். கடைசியாக, மகள் பால் குடிக்கும் தம்ளரில்.

"தெனமும் நீங்க தொட்டதையெல்லாம் பின்னாடியே தொடச்சுக்கிட்டு வருவேன். அப்பவும் எங்கனயாச்சும் விட்டுப்போகுது. இன்னைக்குத் தொடைக்கல, நீங்க பாக்கணும்னு."

அந்த வாரமே வாசலுக்கு வெளியே குழாய் போட்டு, சோப்பும் வைத்தேன். மருந்துச் சட்டையும் வெளியிலேயே தங்கியது. மகளுக்கு வலி மெல்ல விட்டது. எதனால் வந்தது என்று டாக்டரிடம் கேட்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.

இன்றும் தாழ்ப்பாளையும் சுவிட்சையும் தினம் நானே துடைக்கிறேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துச் சொல்வாள், "ரிமோட்ட விட்டுட்டீக."