பழவேற்காடு வரலாமானு கேட்டவங்க

மெஸ்ஸில் போன் எடுக்கிற வேலை என்றால் எத்தனை சாப்பாடு என்று குறித்துக்கொள்வதுதான் என்று நினைத்துச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, இது ஊரை விற்கிற வேலை.

ப்ளஸ் டூவில் கணக்கு போச்சு. மறுபடி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. பழவேற்காட்டில் மெஸ் நடத்துகிற என் அத்தை, "சும்மா இருக்கிறதுக்கு போனையாவது எடு"ன்னு கூப்பிட்டாள். சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று யோசிப்பவர்கள் எல்லாரும் முதலில் எங்கள் மெஸ்ஸுக்குத்தான் போன் செய்வார்கள். சாப்பாடு கேட்க மாட்டார்கள். ஊர் நல்லா இருக்குமா என்று கேட்பார்கள். நீங்களும் போனில் பதில் சொல்லிப் பிழைக்கிறவர் என்றால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மூணு ஊர் கையில் வைத்திருந்தவர்

ஒரு சார் மகாபலிபுரம், காஞ்சிபுரம், பழவேற்காடு மூன்றையும் வைத்துக்கொண்டு எதற்குப் போகலாம் என்று கேட்டார். மற்ற இரண்டும் எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கல்லறை இருக்கிறது, நிழல் பார்த்து மணி சொல்கிற கடிகாரம் உள்ள மசூதி இருக்கிறது, ஏரி இருக்கிறது, மீன் ஏலம் காலையிலேயே முடிந்துவிடும் என்றேன். கோட்டை இருக்குமே என்றார். இருந்தது, இப்போது மேடும் முள்ளுச்செடியும்தான் என்றேன். எல்லாம் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்றார். மெதுவாக நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்றேன். அப்புறம் என்ன செய்வது என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

பிறகு சொன்னார்: "ஏம்மா, நீ வரச் சொல்றியா, வரவேணாம்னு சொல்றியா?"

அவர் வரவில்லை. அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு காலியாகக் கிடந்தால் போன் தன் மகன் மோகனிடம் போய்விடும், நான் பொன்னேரிக்குத் தையல் கிளாஸ் போக வேண்டியதுதான் என்றாள். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடப் பொறுமை கிடையாது.

படகு

எங்கள் ஏரியில் சவாரிக்குப் படகு விடத் தடை இருக்கிறது. மீன் பிடிக்கிற படகு வேறு, அதில் வேடிக்கை பார்க்கிறவர்களை ஏற்றக்கூடாது. போனில் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். நான் கடைக்குப் போன நேரத்தில் மோகன் போனை எடுத்து, "வாங்க சார், பார்த்துக்கலாம்"னு சொல்லிவிட்டான். ஒரு குடும்பமே வந்து இறங்கியது. குழந்தைகள் கையில் மிதவை வளையத்தோடு நிற்கிறார்கள்.

படகு கிடையாது என்று சொல்ல மோகன் என்னைத்தான் அனுப்பினான். அப்பாக்காரர் முகம் சிவந்துவிட்டது. ஏரிக்கு வந்து ஏரியில் இறங்காமல் போவதா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். கரையில் நின்று பார்த்தாலும் இதே ஏரிதான் என்றேன். அது அவருக்கு இன்னும் கோபமாகிவிட்டது. அதுவரை பேசாமல் நிழலில் நின்றிருந்த அவருடைய மாமியார்தான் என்னைக் காப்பாற்றினார்.

"நல்லதாப் போச்சு, எனக்குத் தண்ணின்னாலே பயம். சாப்பாடு எங்கம்மா?"

கல்யாண போட்டோ

கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்க ஒரு ஜோடி வந்தது. பழைய ஊராக வேண்டும் என்று தேடி எங்களைப் பிடித்திருக்கிறார்கள். மஞ்சள் சுவர் வைத்த தெரு எங்கே என்று போட்டோக்காரர் கேட்டார். அது பாண்டிச்சேரி என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பழசாக ஏதாவது காட்டு என்றார். கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கும். பெண்ணின் அம்மா அதைப் பார்த்ததும் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளைக்கு வெயில், புழுக்கம், கோட்டு வேறு. சிரிங்க சார், சிரிங்க சார் என்று போட்டோக்காரர் கெஞ்சுகிறார். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, இவரை விட அது நல்லா சிரிக்குது, அதையே எடுங்க."

இறால் நிச்சயமா?

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு எங்களிடம் முறை உண்டு. பாடு என்போம். சீட்டுப் போட்டு நாள் பிரிப்பார்கள். என் அப்பாவுக்கு, நைனாவுக்குப் பாடு வருகிற நாளில் மெஸ்ஸில் ஏரி இறால் இருக்கும். மற்ற நாளில் சந்தையில் கிடைத்ததுதான்.

சென்னையில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிற ஆன்ட்டி போன் செய்தார். ஒரு வேன் நிறைய ஆட்கள். மகாபலிபுரமா இங்கேயா என்று அவர்களுக்குள் இழுபறி. ஏரி இறால் நிச்சயம் என்றால் இங்கே வருகிறோம் என்றார். அத்தை என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அந்த ஞாயிறு நைனாவுக்குப் பாடு. அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக நிச்சயம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குப்பத்தில் ஒரு பெரியவர் செத்துப்போனார். சாவு விழுந்தால் எடுக்கிறவரைக்கும் குப்பத்தில் யாரும் வலை இறக்க மாட்டார்கள். நைனாவின் பாடு அதோடு போச்சு. அவர் சாவு வீட்டுக்குப் பந்தல் கட்டப் போய்விட்டார். நான் அந்த ஆன்ட்டிக்கு போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. காலையில் எடுத்தபோது வேன் பாதி வழியில், உள்ளே ஒரே பாட்டுச் சத்தம். நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை.

மோகன் பொன்னேரிக்குப் போய்ப் பண்ணை இறால் வாங்கி வந்தான். இறால் மேல் பேர் எழுதியா இருக்கிறது, ஏரி இறால் என்றே போடலாம் என்றான். அத்தை தொக்கு வைத்தாள். என்ன சொல்வது என்று கேட்டதற்கு, "வாக்குக் குடுத்தது நீ, நீயே பேசு"ன்னு சொல்லிவிட்டாள். போன் என்னிடம் இருக்கப்போகிற கடைசி நாள் இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வேன் வந்ததும் வாசலிலேயே நின்று சொன்னேன். "ஆன்ட்டி, நீங்க கேட்ட இறால் இல்ல. குப்பத்துல சாவு, வலை இறக்கல. உள்ள இருக்கிறது பண்ணை இறால், பொன்னேரில வாங்கினது. வேணாம்னா கருவாட்டுக் குழம்பு இருக்குது."

ஒரு மாமா, இதற்கு மகாபலிபுரமே போயிருக்கலாம் என்று ஆரம்பித்தார். ஆன்ட்டி அவரைக் கண்டுகொள்ளவில்லை. செத்தவர் யார், எடுத்தாச்சா என்று என்னிடம் கேட்டார். மதியத்துக்கு மேல்தான் எடுப்பார்கள் என்றேன். போய் வேனில் பாட்டை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தொக்கு முழுக்கத் தீர்ந்தது. அதிகம் சாப்பிட்டது சண்டை போட்ட மாமாதான். கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"ஏரி இறால்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்மா."

மோகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மறுபடியும் அந்த ஆன்ட்டி

மறுநாள் போன் மோகனிடம் போய்விட்டது. தையல் கிளாஸுக்கு அத்தை விசாரித்துவிட்டாள். அந்த வாரக் கடைசியில் ஆன்ட்டி போன் செய்தார். மோகன் சரளமாகப் பேசினான். அவர் அவனை நிறுத்தி, போனை அந்தப் பொண்ணுகிட்டக் கொடு என்றார். அவன் ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தான்.

அடுத்த தடவை செஞ்சிக்கோட்டை போகலாம் என்று எல்லாரும் சொல்கிறார்களாம், தன்னால் ஏற முடியுமா என்று கேட்டார். நான் செஞ்சியைப் பார்த்தது இல்லை என்றேன். ஆனால் எங்கள் மெஸ்ஸுக்கு இருப்பது மூன்று படி, அதற்கே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், மலைக்கெல்லாம் வேண்டாம் என்றேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அப்படியானால் திரும்ப உங்கள் ஊருக்கே வருகிறோம், இறால் இருக்குமா என்றார். நைனாவுக்குப் பாடு இருந்து, குப்பத்தில் யாரும் சாகாமல் இருந்தால் உண்டு என்றேன். சரி, அதே ஆட்கள், அதே வேன், குறித்துக்கொள் என்றார்.

அத்தை முந்தானையில் போனைத் துடைத்து என் கையில் வைத்தாள். "இன்னா, இனிமே செஞ்சிக்கும் சேத்து நீதான் பேசப் போறியா? இந்தா, புடி."

இதுவரை என்னைக் கேட்டு முடிவு செய்தவர்களில் வராமலே இருந்துவிட்டவர்களிடமிருந்துதான் ஒரு புகாரும் வந்ததில்லை.