தருலதா எழுதிய எட்டுப் பக்கங்கள்

சந்தன்நகரில் தருலதா நந்தியைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. பகலில் அவள் சணல் ஆலை அலுவலகத்தில் தட்டச்சு அடிப்பாள். சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தெரு நூலகத்தின் சிறுவர் அலமாரியைத் திறப்பாள். சாவி எப்போதும் புடவைத் தலைப்பில் முடிந்திருக்கும். சம்பளமில்லாத வேலை. பதினாறு வருஷமாகப் பார்த்துவந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்க முடியாதபடி ஒரு நடை அவளுக்கு இருந்தது.

பிள்ளைகள் கேட்கிற புத்தகத்தை அவள் கொடுத்துவிட மாட்டாள். "இதை அடுத்த வருஷம் படி. இப்போ படிச்சா வீணாப் போயிடும்" என்று வேறொன்றை நீட்டுவாள். புத்தகம் வாங்கும்போது அவளுக்கு ஒரே கணக்குதான். வளர்ந்தவர்கள் படித்தால் கொட்டாவி வருகிற புத்தகம் பிள்ளைகளுக்கும் ஆகாது.

அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்ததும் நூலகக் கமிட்டி கூடியது. செயலாளர் பசுபதி சர்க்கார் ரயில்வேயில் சரக்குப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொரியும் தேநீரும் வருவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"சிறுவர் அலமாரியை எடுத்துடலாம். பேய், நரி, ராஜகுமாரன்னு எத்தனை நாளைக்கு? அந்த இடத்துல பரீட்சைக்கு வினா-விடைப் புத்தகம் வைப்போம். பையன்கள் உருப்படுவாங்க."

மற்ற நால்வரும் தலையை ஆட்டினார்கள்.

"நீங்க இதுல ஏதாவது படிச்சிருக்கீங்களா, பசுபதி பாபு?" என்று கேட்டாள் தருலதா.

"எனக்கு அம்பத்தெட்டு வயசும்மா."

"வயசைக் கேக்கல. அஞ்சு பேரும் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துட்டுப் போங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் படிங்க. அப்புறம் எடுக்கணும்னு சொன்னா நானே அலமாரியைத் தூக்கித் தெருவுல வைக்கிறேன்."

எந்தப் புத்தகம் யாருக்கு என்று அவளே முடிவு செய்தாள். பசுபதி பாபுவுக்குக் கிடைத்தது 'உப்புத் தீவு'. நபீன் என்ற கிழட்டுப் படகோட்டியும் பத்து வயதுப் பெண்ணொருத்தியும் உப்பு விளையும் தீவைத் தேடிப் போகிற கதை. அச்சிட்ட கம்பெனி மூடி நாளாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன் யார் வீட்டுக் குழந்தையோ கடைசி எட்டுப் பக்கங்களைக் கிழித்துவிட்டது. வேறு பிரதி கிடைக்காததால், தருலதா மதிய இடைவேளையில் ஆலைக் காகிதத்தில் தன் நினைவிலிருந்து எழுதி ஒட்டிவைத்தாள். அவளுக்கு அந்தக் கதை வரிக்கு வரி தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பசுபதி பாபு புத்தகமும் கையுமாக வந்து நின்றார்.

"இந்த முடிவை யார் எழுதினது?"

"நான்தான். மூலத்துல இருந்தபடி."

"இல்லையே. இதை நான் பத்து வயசுல படிச்சிருக்கேன். அட்டை போயிட்டதால முதல்ல அடையாளம் தெரியல. வெள்ளத்துல அந்தப் பெண்ணை மரத்து மேல ஏத்திவிட்டுட்டு நபீன் உதவி தேடிப் போவான். திரும்பி வர மாட்டான். படகு மட்டும் காலியா மிதந்து வரும்."

"வருவான். விடியக்காலைல நனைஞ்ச கோழி மாதிரி, வெள்ளத்தைத் திட்டிக்கிட்டே வருவான்."

"வர மாட்டான்."

"பசுபதி பாபு, உங்களுக்குச் சரக்கு வண்டி எண் ஞாபகம் இருக்கலாம். கதை எனக்குத்தான் ஞாபகம்."

சனிக்கிழமை அன்றைக்கு அவர் முதல் உள்ளூர் ரயிலைப் பிடித்து ஹவுரா போய், பாலம் தாண்டிக் காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளை ஒன்றுவிடாமல் துழாவினார். மாலை நாலு மணிக்கு, சட்டையெல்லாம் புழுதியாக அவள் வீட்டு வாசலில் நின்றார். கையில் முழு 'உப்புத் தீவு'. ஜெயித்த முகமாக இல்லை.

தருலதா நின்றபடியே கடைசி எட்டுப் பக்கங்களைப் படித்தாள். படகு காலியாகத்தான் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தக் கதையை அவள் கண்ணால் படித்ததே இல்லை. தெரிந்த கதைதானே என்று நூலகப் பிரதியையும் அது கிழிவதற்கு முன் புரட்டிப் பார்க்கவில்லை. படகுத்துறையில் டிக்கெட் கொடுத்த அப்பா, அவளுடைய ஆறு வயதில் தினம் சாயங்காலம் வாசித்துக் காட்டியது அது. நபீன் செத்துப்போவதை மகளிடம் வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறார்.

"அப்பா ஏமாத்திட்டார்" என்றாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "நீங்க சொன்னதுதான் சரி. உள்ள வாங்க, தேநீர் போடுறேன்."

"உங்க முடிவும் நல்லாத்தான் இருந்தது" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"நல்லா இருக்கலாம். ஆனா எழுதினவர் எழுதினதைத்தான் பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. பொருளாளர் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. வீட்டுக்காரி இன்னும் முடிக்கவில்லை என்றார். இன்னொருவர் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார். "வினா-விடையை வராந்தாவுல வெச்சுக்கலாம்" என்றார் பசுபதி பாபு.

ஆனால் தருலதாவுக்கு வேலை முடியவில்லை. தன் எட்டுப் பக்கங்களைப் பிளேடால் அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். பசுபதி பாபுவிடம் இரவல் வாங்கிய பிரதியில் இருந்ததைத் தட்டச்சு அடித்து அங்கே ஒட்டினாள். பிறகு பதிவேட்டைப் புரட்டினாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பிரதியை எடுத்துப் போனவர்கள் அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தபால் அட்டை எழுதினாள்: "உப்புத் தீவின் முடிவை நான் தவறாக எழுதிவிட்டேன். சரியான முடிவு இப்போது அலமாரியில் இருக்கிறது. வந்து படிக்கவும்."

"இதெல்லாம் தேவையா?" என்று பசுபதி பாபு கேட்டார். கேட்டுக்கொண்டே முகவரி மாறிப்போன ஒன்பது பேரை அவரே தேடிக் கண்டுபிடித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஆலைத் தறிக்காரன் ஒருவன் ஷிப்ட் முடிந்து வந்தான். காவலர் ஒருவர் சீருடையோடு வந்து, நின்றபடி படித்தார். தொப்பியை மேசையில் மறந்துவிட்டுப் போய் மறுபடி வந்தார். பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்து படித்தவர்கள் பலர். சிலர் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. தருலதா அவர்களை அவசரப்படுத்தவில்லை.

பர்த்வானில் வாழ்க்கைப்பட்டிருந்த, அவளை அக்கா முறையில் தீதி என்று அழைக்கும் ஜும்பா என்ற பெண்ணிடமிருந்து மட்டும் பதில் அட்டை வந்தது. "தருதீதி, எனக்கு இப்போது ஏழாவது மாசம். பிரசவம் ஆகட்டும், வந்து படிக்கிறேன். அதுவரைக்கும் நபீன் உயிரோடு இருக்கட்டும்."

தருலதா பதிவேட்டில் ஜும்பாவின் பெயருக்கு நேரே பென்சிலில் 'சித்திரை' என்று குறித்துவைத்தாள்.