சலோமிக்கு ஒரு கல்

எழுத்து வெட்டிய எதைக் கண்டாலும் பெர்சிஸின் கட்டைவிரல் நகம் அதன் பள்ளத்துக்குள் போய்விடும். பெயர் வெட்டிய தம்ளர், பேருந்து நிலையத் திறப்புவிழாக் கல், எதுவானாலும் இல்லாத பாசியைச் சுரண்டுவாள். கல்லூரித் தோழிகள் பார்க்கிறார்களே என்று மகள் ப்ரீதா அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறாள்.

மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒருகாலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கோடைக்கு வந்து தங்கிய பங்களாவைப் பெர்சிஸ் முப்பத்தோரு வருஷம் கூட்டினாள். பின்புறம், காய்ச்சலில் இறந்த ஒரு துரைமகளின் கல்லறை. கப்பலில் வந்த பளிங்குக்கல். சனிக்கிழமைதோறும் அதன் பாசியைச் சுரண்டுவதும் அவள் வேலைதான். வாசிக்கத் தெரியாது, நகத்துக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரியும்.

தேயிலைக்கு அந்தப்பக்கம் அவளுடைய மூத்த மகள் சலோமியைப் புதைத்திருந்தது. ஆறு வயது. அவளுக்கும் காய்ச்சல்தான். மழையில் பாதை சரிந்து பஸ் வரவில்லை. பங்களா ஜீப்பைக் கேட்டதற்கு, சாவி இல்லை என்றார்கள். தலைமாட்டில் ஒரு செங்கல் மட்டும்.

"ஏளா, ஒனக்கும் பேர் வெட்டி ஒரு கல்லு வைக்கேன்" என்று துரைமகளைத் துடைத்த கையோடு போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

தோட்டத்தின் குத்தகை முடிந்து எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் வாடகை வீடு. முதல் கல்லறைத் திருநாளுக்குப் பெர்சிஸ் பேர் வெட்டிய கல்லோடு ப்ரீதாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் காவலர் முத்துமாலை மறித்தார்.

"யக்கா, கல்லு மண்ணு எதுவும் மேல போகக் கூடாது. புலிக் காடாக்கும்."

"புலி கல்லையா தம்பி திங்கும்?"

"என் வேலையத் திங்கும்."

"சோத்துத் தட்டு கொண்டு போலாமா?"

"அதுக்கென்ன, தாராளமா."

"அம்மா, சும்மா பாத்துட்டாவது வருவோம்" என்றாள் ப்ரீதா.

"வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவ?"

திரும்பி வந்தவள் அம்பாசமுத்திரம் பாத்திரக்கடையில் ஒரு சோற்றுத் தட்டில் சலோமியின் பெயரை வெட்டி வாங்கினாள். அடுத்த திருநாளுக்கு இருபது நாள் இருக்கையில் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள்.

தட்டோடு ப்ரீதாதான் மேலே போனாள். துரைமகளின் எழுத்துகளைப் பாசி மூடியிருந்தது. தன் கட்டைவிரல் தானாகச் சுரண்டத் தொடங்கியதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். தேயிலைக்கு அந்தப்பக்கம் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. மூன்று இடத்தில் செங்கல் தட்டுப்பட்டது. எது அக்காள்? அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றில் ஒன்றின்மேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை.

தட்டு இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் யாரும் சாப்பிடுவதில்லை. சலோமிக்குச் சொன்ன கல் இன்னும் பாக்கி.