சரசு என்கிற ஐந்தாவது கேஸ்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனிப் பெண்களுக்கு இன்று, அவர்கள் நலனைக் கவனிக்கும் சரிதா மேடம் என்றால் தனி மரியாதை. அவளை முதன்முதலில் மேடம் என்று கூப்பிட்டது அவளைப் பெற்ற அம்மா. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை அல்ல அது.

அப்போது அவள் தாம்பரத்தில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. ஐந்து குடும்பங்களை மாதக்கணக்கில் சந்தித்து ரெக்கார்டு எழுதினால்தான் டிகிரி. ஐந்தாவது குடும்பம் பாதியிலேயே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். சரிதா தன் வீட்டையே கேஸாக எழுதிவிட்டாள். பெயரை மாற்றுவது அந்தப் படிப்பில் வழக்கம் என்பதால் அம்மா அங்காளம்மா 'சரசு' ஆனாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளுக்கு மீன் கொண்டுபோய் விற்பவள். கணவன் இல்லை, ஒரே மகள். பக்கத்தை நிரப்பும் அவசரத்தில் கை ஓர் உண்மையையும் எழுதிவிட்டது: 'மகள் தாயை வழியில் கண்டாலும் தெரியாதவள் போலப் போய்விடுகிறாள்.'

அதைப் படித்துப் பார்த்த பேராசிரியை கிறிஸ்டி மெச்சினார். அதோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை அந்த அம்மாவை நேரில் பார்க்கிறேன் என்றார்.

சரிதா அம்மாவிடம் கெஞ்சினாள். மகள் என்று காட்டிக்கொள்ளாமல் தன்னை மேடம் என்று கூப்பிட்டால் போதும் என்றாள். அங்காளம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்து, அன்றைய வியாபாரத்தையும் விட்டாள். மகள் சொல்லாமலேயே, சுவரில் மாட்டியிருந்த அவளுடைய பி.ஏ. பட்டமளிப்புப் போட்டோவைக் கழற்றித் துணிகளுக்கு அடியில் ஒளித்தும் வைத்திருந்தாள். வெற்று ஆணியைப் பார்த்தபோதே சரிதாவுக்கு முகம் செத்துவிட்டது.

கிறிஸ்டி பாயில் உட்கார்ந்து ரெக்கார்டை விரித்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தார். அந்த வரியும் வரும் என்பது சரிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மடச்சி.

"உங்க பொண்ணு உங்கள ரோட்ல பாத்தாக்கூட தெரியாத மாதிரி போயிடுறாளாமே, அப்படியா?"

அங்காளம்மா மகள் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா இதையெல்லாம் கவனித்ததே இல்லை என்றுதான் சரிதா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அப்டிலாம் இல்ல மேடம். எம் பொண்ணு தங்கம். நான்தான் இந்த மேடத்தாண்ட எதுனா மாத்திச் சொல்லிக்கினேன் போல."

திருத்தச் சொல்லி கிறிஸ்டி பேனாவை நீட்டினார். ரெக்கார்டில் எதையும் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்தப் பொண்ணு நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் டிகிரி போய்விடும். சரிதா கோடு போட்டுக் கையெழுத்திட்டாள்.

பிறகு, வெளியிலிருந்து வந்தவள் போலவே கிறிஸ்டியோடு பஸ் ஏறினாள். அம்மா வாசலில் நின்று, போயிட்டு வாங்க மேடம் என்றாள். சரிதா கேளம்பாக்கத்தில் ஏதோ சாக்குச் சொல்லி இறங்கி, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினாள்.

போட்டோ பழையபடி ஆணியில் இருந்தது. அங்காளம்மா தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றினாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வரிய நல்லா அடிச்சிட்டியா? யார்னா படிச்சா உன்னியத்தான் தப்பா நெனப்பாங்க."

"அடிச்சிட்டேம்மா."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா நிம்மதியாக இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள். ஒற்றைக் கோட்டுக்கு அடியில் அந்த வரி ஓர் எழுத்துக்கூட மறையாமல் இருந்ததை சரிதா அவளிடம் சொல்லவில்லை.