என் பூச்சிப் பெட்டியும் அவ முளைப்பாரியும்

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னே பின்னே மாத்திச் சொல்லிட்டா கோவிச்சுக்காதீங்க. ஆனா கற்பூர விஷயம் மட்டும் மறக்கலை.

ஆசிரமத்துக்குப் பக்கத்துல எங்க வீட்டு மாடி ரூமை வாடகைக்கு விட்டிருக்கோம். அதுல இருந்த வெள்ளைக்கார அம்மா பங்குனியில ஊருக்குப் போகும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியை என் கையில கொடுத்தாங்க. உள்ளே மண்ணு, இலை, மரப்பட்டை. பட்டைக்கு அடியில சாம்பல் நிறத்துல பூச்சிங்க. தொட்டா மிளகு மாதிரி உருண்டுக்கும். "கார்த்திகைக்கு வருவேன், பாத்துக்கோங்க அம்மா"ன்னாங்க. எனக்குப் பிள்ளை கிடையாது. என்னை நம்பி யாரும் ஒரு உசுரை விட்டுட்டுப் போனதில்லை.

வளக்கிறது கஷ்டம் இல்லை. பெட்டியில ஒரு பக்கம் ஈரமாவும் ஒரு பக்கம் காய்ஞ்சும் இருக்கணும். எது வேணுமோ அங்க அதுங்களே போய்க்கும். குழாய்த் தண்ணியில மருந்து வாடை வரும்னு ஒரு நாள் வெச்சிருந்துதான் தெளிப்பேன். காய்ஞ்ச பாதாம் இலையை வெந்நீர்ல போட்டெடுத்து உலத்திப் போடுவேன். தோலுரிக்கிறப்போ முதல்ல பின்பாதி, அப்புறம் முன்பாதி. அதுக்குச் சத்து வேணும்னு முட்டை ஓட்டை நுணுக்கி வெப்பேன். வெயில் ஜாஸ்தியானா பெட்டியைச் சுத்தி ஈரச்சாக்கு.

என் ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, அதே வீட்டுல அடுத்த பாகத்துல இருக்கா. "அக்காவுக்கு இந்த வயசுல பிரசவம் ஆயிருக்கு. பேரு வெச்சாச்சா?"ன்னு தண்ணி பிடிக்கிற இடத்துல எல்லார் முன்னாடியும் கேட்டா. சிரிச்சாங்க. நான் குடத்தைத் தூக்கிட்டு உள்ளே வந்துட்டேன்.

சித்திரை பௌர்ணமிக்கு மலை சுத்த சொந்தக்காரங்க வந்தாங்க. நான் சமையல்ல இருந்தப்போ அவ பெட்டியைத் திறந்து கைப்பிடி கற்பூரத்தைப் போட்டு மூடிட்டா. சாயங்காலம் பாத்தா எல்லாம் மல்லாந்து கிடக்குது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"ன்னேன்.

"கற்பூரம்தானேக்கா போட்டேன். சாமிக்கு ஆவறது பூச்சிக்கு ஆவாதா?"

வந்தவங்க முன்னாடி கற்பூரத்தைக் குத்தம் சொல்ல முடியுமா? மண்ணைக் கொட்டிக் கிளறினதுல ஒன்பதுதான் உசுரோட இருந்துச்சு. சிலது வயித்துக்கடியில பையில குஞ்சு வெச்சிருந்துச்சு. புது மண்ணு, புது இலை போட்டுத் தேத்தினேன். ஒவ்வொரு தடவை தண்ணி தெளிக்கிறப்பவும் அவ மூஞ்சிதான் முன்னால நிக்கும். ஆடிக்குள்ள பொடிசும் பெரிசுமா பெருகிடுச்சு.

ஆடியில எங்க தெரு அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பாங்க. சட்டியில எருவும் மண்ணும் போட்டு, நவதானியம் விதைச்சு, இருட்டு ரூம்ல வளக்கணும். முளை செழிச்சா அந்த வீட்டுக்குப் பெருமை. அழுகினா தெருவே பேசும். அந்த வருஷம் அவ எடுத்தா. "பெத்தவ கைப்பட்டாதான் முளை வரும்"னு என் காதுபடச் சொன்னா.

மூணாம் நாள் மத்தியானம் அவ தூங்கிட்டிருந்தா. பெட்டியில தின்ன வெச்சிருந்த உருளைக்கிழங்குத் துண்டைத் தூக்கினேன். அடியில இருபது முப்பது பூச்சி ஒட்டிட்டிருந்துச்சு. அவ இருட்டு ரூமுக்குள்ள போய் சட்டியில தட்டிவிட்டேன். "இது உனக்கு இல்ல தாயே, அவளுக்கு"ன்னு அம்மன்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டேன்.

ஊர்வலத்தன்னிக்குப் பாத்தா, மழை ஈரத்துல மத்தவங்க சட்டியில எல்லாம் பூஞ்சை பூத்து முளை சாய்ஞ்சிருக்கு. அவளுதுல பொட்டுப் பூஞ்சை இல்லை. மஞ்சளா, நெட்டுக்குத்தா நிக்குது. என் பூச்சிங்க பூஞ்சையைத் தின்னு சட்டியைச் சுத்தமா வெச்சிருக்குங்க.

"கைராசிக்கா"ன்னு என்னைப் பாத்துச் சிரிச்சா. ஆரத்தித் தட்டையும் நானேதான் பிடிச்சேன்.

முளையைக் குளத்துல விட்டப்போ சட்டியில இருந்த என் பூச்சிங்களும் போச்சு. அதையும் அவ கணக்குலதான் வெச்சிருக்கேன்.

மாசம் கிழமை தப்பா எழுதியிருந்தா திருத்திக்கோங்க. ஆனா ஒண்ணை மட்டும் படிச்சவங்க யாராச்சும் நல்லா விசாரிச்சுச் சொல்லணும். இந்தப் பூச்சி அழுகினதும் பூஞ்சையும்தான் திங்குமா, இளம் முளையும் திங்குமா? திங்கும்னா எத்தனை விடணும், எத்தனாம் நாள் விடணும்? வர்ற ஆடிக்கும் அவதான் எடுக்கிறா.