ஓணான் குப்பிகளுக்குப் பொட்டு வைத்த கதை

எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். மறதி வேறு. அந்த மறதியால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் ஒருத்தி அங்கே பெண் ஓணான்களை வைத்து டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். மாதத்துக்கு ஒரு குப்பி. ஓணானின் முட்டைப் பையையும் முட்டைக் குழலையும் எடுத்து, மருந்துத் தண்ணீரில் போட்டு மூடி, மாதத்தின் பெயரைத் தாளில் எழுதி ஒட்டுவாள். பன்னிரண்டும் சேர்ந்தபின் மொத்தமாக அளக்கலாம் என்றிருந்தாள்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குளிர் மாதங்களில் அந்தக் குழல் நூல் மாதிரி ஒட்டிக் கிடக்கும். சித்திரையில் தடித்து, பையில் மஞ்சள் மணிகள் தெரியும். ஆடி ஆவணியில் குழல் நிறைய முட்டை. பிறகு மறுபடி சுருங்கிவிடும்.

அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமியார் போனில், "விசேஷம் ஏதும் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"ஓணானுக்குக்கூட நாலு மாசம் லீவு உண்டு ஆயா. எனக்குத்தான் இல்ல" என்பாள் என்னிடம்.

பன்னிரண்டாவது குப்பி சேர்ந்த கையோடு ஆயுதபூஜை வந்தது. அவள் ஊருக்குப் போயிருந்தாள். நான் மேசை, தராசு, கத்திரி எல்லாம் துடைத்தேன். குப்பிகளில் தூசி. மூடியோடு தொட்டித் தண்ணீரில் முக்கிக் கழுவினேன். திரும்பிப் பார்த்தால் பன்னிரண்டு தாளும் தனியாக மிதக்கின்றன.

கேட்க வெட்கம். தெரிந்த வேலைதானே என்று உட்கார்ந்தேன். நூலாக இருந்ததற்கெல்லாம் குளிர் மாதத் தாள், முட்டை உள்ளதற்கெல்லாம் ஆடியையொட்டிய தாள். முட்டை உள்ளதில் ஒன்று கூடுதலாக இடித்தது, அதை ஒரு மாதம் தள்ளி ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

அவள் வந்து சிரித்தாள். "ஓணானுக்கும் பொட்டா ஆயா!"

அளந்து முடித்துக் கோட்டுப்படம் போட்டதும் பேராசிரியர் பூரித்துப்போனார். "அழகா ஏறி அழகா எறங்குது பாரும்மா."

அவள் முகம் மட்டும் தெளியவில்லை. "சார், குளிர்காலத்துல ஒண்ணுல முட்டை பாத்தேன் சார். இதுவரைக்கும் யாரும் எழுதுனதில்லன்னுகூட நெனச்சேன்."

"எந்த மாசம்?"

"டிசம்பரா ஜனவரியான்னு..."

"மாத்திப் பாத்துருப்ப. குப்பி பொய் சொல்லாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆயா, நீங்கதான தட்டு புடிச்சீங்க?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு முட்டையைக் கண்டு அவள் கத்திய கத்தில் தட்டையே நழுவவிட இருந்தேன். சொன்னால் பன்னிரண்டு மாத உழைப்பும் போய்விடும். குனிந்து, பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினேன்.

பட்டம் கிடைத்தது. இப்போது கடலூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஆராய்ச்சிப் புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் என்னையும் சேர்த்திருக்கிறாள், பெரிய உதவி செய்தேனாம். குளிர்காலத்தில் ஓணானுக்கு முட்டை இல்லை என்று பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள் என்று நினைக்கிறேன்.

மார்கழியா தையா என்று எனக்கும் நிச்சயமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அந்த இரண்டு மாதத்திலும் ஓணான்களைச் சரிபாருங்கள். ஒன்றில் முட்டை இருந்தாலும் கடலூருக்குப் போய் அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் கண் தப்பாகப் பார்க்கவில்லை என்று.